பீட்டனை ட்ரிப்யூட் கொடுத்தால் இன்னொரு பீட்டன் வருமா, வராதா?

கோமாளிக்கூட்டம்:
யூ-கி-ஓ கார்டு ஆட்டம் ஆடுகிறவர்கள் யாராவது தீர்த்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை அத்தை பையனோடு ஆடினேன். களத்தில் என்னிடம் பீட்டன் த டார்க் க்ளவுன் என்ற கோமாளி மான்ஸ்டர் இருந்தது. அதை ட்ரிப்யூட் கொடுத்து, அதாவது பலியாகக் கொடுத்து, சம்மண்ட் ஸ்கல் என்ற பெரிய மான்ஸ்டரை இறக்கினேன். லெவல் 6, 2500 அட்டாக், ஒரு ட்ரிப்யூட் போதும். அதுவரை சண்டை இல்லை.

பீட்டன் கார்டில் இருப்பதைத் தமிழில் சொன்னால் இப்படி: "இந்தக் கார்டு கிரேவ்யார்டுக்கு அனுப்பப்படும்போது, இதை அங்கிருந்து பேனிஷ் செய்துவிட்டு, கையிலிருந்தோ டெக்கிலிருந்தோ இன்னொரு பீட்டனை ஸ்பெஷல் சம்மன் செய்யலாம்." (கிரேவ்யார்டு என்பது செத்த கார்டுகள் போகும் குவியல், பேனிஷ் என்றால் ஆட்டத்திலிருந்தே விலக்கி வைப்பது, டெக் என்பது கார்டுக் கட்டு, ஸ்பெஷல் சம்மன் என்றால் எஃபெக்ட்டால் நேரே களத்தில் இறக்குவது.) ட்ரிப்யூட் கொடுத்த பீட்டன் கிரேவ்யார்டுக்குத்தானே போனது? நான் டெக்கை எடுத்துத் தேட ஆரம்பித்ததும் அவன் கையைப் பிடித்துவிட்டான். "டைமிங் மிஸ் ஆயிடுச்சு, வராது" என்கிறான்.

எனக்கு எரிச்சல் என்னவென்றால், போன வாரம் இதே மாதிரி சங்கன் என்ற மான்ஸ்டரை ட்ரிப்யூட் கொடுத்தேன். சங்கன் களத்திலிருந்து கிரேவ்யார்டுக்குப் போனால் 1500 அல்லது அதற்குக் குறைந்த அட்டாக் உள்ள மான்ஸ்டர் ஒன்றை டெக்கிலிருந்து கைக்கு எடுக்கலாம். எடுத்தேன். அவன் வாயே திறக்கவில்லை. சங்கனுக்கு ஒரு நியாயம், கோமாளிக்கு ஒரு நியாயமா?

செயின்லிங்க்_2:
இரண்டு வாரமும் உங்கள் அத்தை பையன் செய்ததுதான் சரி.

பீட்டன் கார்டை ஆங்கிலத்தில் இன்னொரு தடவை படியுங்கள். ஆரம்பத்தில் "வென்" என்று இருக்கும், நடுவில் "யூ கேன்" என்று இருக்கும். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் அந்த எஃபெக்ட்டுக்கு ஒரு நிபந்தனை ஒட்டிக்கொள்ளும்: அந்தச் சம்பவம்தான் ஆட்டத்தில் *கடைசியாக* நடந்ததாக இருக்க வேண்டும். அதற்கு அப்புறம் வேறு ஏதாவது நடந்துவிட்டால் வாய்ப்பு போச்சு.

ட்ரிப்யூட் சம்மனில் என்ன நடக்கிறது? முதலில் பீட்டன் கிரேவ்யார்டுக்குப் போகிறது. அடுத்து ஸ்கல் களத்துக்கு வருகிறது. இரண்டுக்கும் நடுவில் நிறுத்தி யாரும் எஃபெக்ட் போட முடியாது. அது ஒரே செயல். செயல் முடிந்து உங்களுக்கு எஃபெக்ட் போட நேரம் கிடைக்கும்போது கடைசியாக நடந்தது ஸ்கல் வந்ததுதான்.

சங்கனில் இப்போதைய வாசகம் "இஃப்" என்று தொடங்கும். அதற்கு இந்தத் தொல்லை இல்லை. காரியம் முடியும்வரை காத்திருந்து வேலை செய்யும்.

பழைய_டெக்:
வந்துட்டார் ஐயா, "வென்" வேறு "இஃப்" வேறு என்று. நான் 2002-இல் வந்த மெட்டல் ரெய்டர்ஸ் என்ற தொகுப்பின் காலத்துக் கார்டுகளை வைத்திருக்கிறவன். என்னுடைய சங்கனில் "வென்" என்றுதான் அச்சாகியிருக்கிறது. "இஃப்" கிடையாது. அதே சங்கன் அன்றைக்கும் ட்ரிப்யூட்டில் வேலை செய்தது, இன்றைக்கும் செய்கிறது. இதற்கு என்ன சொல்கிறீர்கள் செயின்லிங்க்?

என் கட்சி எளிது. கார்டில் "கிரேவ்யார்டுக்கு அனுப்பப்படும்போது" என்று இருக்கிறது, அனுப்பியாகிவிட்டது, அப்படியானால் எஃபெக்ட் உண்டு. கார்டில் இல்லாத "கடைசியாக" என்ற சொல்லை நடுவில் நீங்கள்தான் சொருகுகிறீர்கள். தம்பி கோமாளி, நீங்கள் இன்னொரு பீட்டனை எடுத்துப் போடுங்கள்.

கோமாளிக்கூட்டம்:
அண்ணா, அவன் கையை விட்டால்தானே எடுப்பதற்கு.

செயின்லிங்க்_2:
நல்ல கேள்விதான், பதில் இருக்கிறது. உங்கள் பழைய சங்கனில் "வென்" இருக்கிறது, ஆனால் "யூ கேன்" இருக்கிறதா? இருக்காது. கார்டை எடுத்துக்கொள் என்று உத்தரவாக இருக்கும். விருப்பமிருந்தால் செய்யலாம் என்பது அல்ல, கட்டாயம். கட்டாய எஃபெக்ட் டைமிங்கை மிஸ் செய்யவே செய்யாது, "வென்" ஆனாலும் சரி "இஃப்" ஆனாலும் சரி. நான் முதலில் எழுதியதையே பாருங்கள், "இரண்டும் சேர்ந்து வந்தால்" என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஒன்று இல்லாவிட்டாலும் கோமாளி தப்பித்துவிடுவார்.

"வென்" இல்லாமல் "இஃப்" என்றும் "யூ கேன்" என்றும் வரும் கார்டுக்கு உதாரணம் எலிமென்டல் ஹீரோ ஷேடோ மிஸ்ட். கிரேவ்யார்டுக்குப் போனால் இன்னொரு ஹீரோவை டெக்கிலிருந்து கைக்கு எடுக்கலாம். அதை வேறு மான்ஸ்டரை இறக்க மெட்டீரியலாக, அதாவது மூலப்பொருளாக, கிரேவ்யார்டுக்கு அனுப்பினாலும் எடுக்கலாம்.

கடைசிபெஞ்ச்:
இந்தச் சண்டையை ஆங்கிலத்தில் போட்டால் முடியாது, ஏனென்றால் ஆங்கிலத்தில் பேசும்போது அந்த இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றித்தான் போடுகிறார்கள். இந்த ஆட்டம் ஜப்பானில் 1999-இல் வந்தது. அங்கே கார்டில் "தோகி" என்று ஒரு சொல்லும் "பாஆய்" என்று ஒரு சொல்லும் இருக்கும். முதலாவது நேரத்தைச் சொல்வது, இரண்டாவது நிலைமையைச் சொல்வது. ஜப்பான் ஆட்டக்காரர்களும் இதை "டைமிங்கை நழுவவிடுவது" என்றுதான் சொல்கிறார்கள்.

தமிழில் நமக்கு அது இன்னும் சுலபம். "மழை பெய்யும்போது குடை பிடிக்கலாம்." மழை நின்று வெயில் அடித்த பிறகு குடை பிடித்துக்கொண்டு நின்றால் பார்க்கிறவன் சிரிப்பான். "மழை பெய்தால் கிணற்றில் தண்ணீர் இறைக்கலாம்." இதை மழை நின்று இரண்டு நாள் கழித்தும் செய்யலாம், மழை பெய்தது என்ற செய்தி போதும். "போது" போட்டால் அந்தக் கணம் வேண்டும். "ஆல்" போட்டால் நடந்திருந்தாலே போதும். பீட்டன் "போது" கார்டு. ஷேடோ மிஸ்ட் "ஆல்" கார்டு.

பழைய_டெக்:
உதாரணம் அழகாகத்தான் இருக்கிறது, வாத்தியாரா நீங்கள்? ஆனால் உங்கள் இலக்கணத்தில் என் பழைய சங்கன் எங்கே உட்கார்கிறது? அதுவும் "போது" கார்டுதான். மழை நின்ற பிறகும் குடை பிடிக்கிறதே? "யூ கேன்" இல்லை என்றதும் திடீரென்று "போது" என்பதற்கு வேறு அர்த்தம் வந்துவிடுமா? அர்த்தம் சொல்லில் இருக்கிறதா, பக்கத்துச் சொல்லில் இருக்கிறதா? விதியை முதலில் வைத்துக்கொண்டு அப்புறம் இலக்கணம் தேடுகிறீர்கள்.

கடைசிபெஞ்ச்:
வாத்தியார் இல்லை, பெயரைப் பாருங்கள்.

சரி, குடையை விடுங்கள். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறோம். பாயசம் நம் இலைக்கு வரும்போது இன்னொரு கரண்டி கேட்கலாம். கேட்காமல் பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டிருந்தோம், பாயசம் போய் மோர் வந்துவிட்டது. இனிமேல் கேட்டால் கிடைக்காது. அது சலுகை, சலுகைக்கு நேரம் உண்டு. ஆனால் மொய் எழுதாமல் சாப்பிட உட்கார்ந்துவிட்டோம் என்பதற்காக மொய் இல்லாமல் போய்விடுமா? கை கழுவிவிட்டு வந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும். கட்டாயத்துக்கு நேரம் தவறுவது என்ற பேச்சே இல்லை, தள்ளிப்போகும், அவ்வளவுதான். பீட்டன் பாயசம். சங்கன் மொய்.

பழைய_டெக்:
எங்கள் ஊர்ப் பந்தியில் பாயசத்தைத் திரும்பக் கூப்பிட்டால் வரும் ஐயா.

கோமாளிக்கூட்டம்:
பாயசம்-மொய் கணக்கு எனக்குப் புரிந்துவிட்டது. அப்படியானால் பீட்டன் எப்போதுதான் வேலை செய்யும்? மூன்று பீட்டன் வைத்து டெக் கட்டியிருக்கிறேன். 500 அட்டாக், 1200 டிஃபென்ஸ். இந்த எஃபெக்ட் இல்லையென்றால் அதை யார் டெக்கில் வைப்பார்கள்?

செயின்லிங்க்_2:
சண்டையில் அடிபட்டுச் செத்தால் வேலை செய்யும். பீட்டனை வைப்பதே அதற்குத்தான்: எதிராளி ஒன்றை அடித்தால் அடுத்தது எழுந்து நிற்கும். எதிராளி தனியாக ரைகேகி என்ற கார்டைப் போட்டு உங்கள் மான்ஸ்டர்களை எல்லாம் அழித்தாலும் வேலை செய்யும், அழிந்ததுதானே கடைசிச் சம்பவம்.

எங்கே வராது என்றால்: லைட்னிங் வோர்டெக்ஸ் போடக் கையிலிருந்து ஒரு கார்டைத் தள்ள வேண்டும், அதற்குப் பீட்டனைத் தள்ளினால் வராது. பீட்டனைத் தள்ளியது விலை. விலை கொடுத்த பிறகுதான் எதிராளியின் மான்ஸ்டர்கள் அழிகின்றன, ஆகக் கடைசியாக நடந்தது அதுதான். கார்டு டிஸ்ட்ரக்‌ஷனிலும் வராது. இரண்டு பேரும் கையிலுள்ளதைத் தள்ளிவிட்டு, *பிறகு* அத்தனை கார்டு எடுக்க வேண்டும். அந்தப் "பிறகு" இருக்கிறதே, அதுதான் பீட்டனைக் கொல்கிறது. சின்க்ரோ, லிங்க் என்ற வேறு வகைச் சம்மன்களுக்கு மெட்டீரியலாகக் கொடுத்தாலும் ட்ரிப்யூட் கதைதான்.

ஒருவர் போட்ட எஃபெக்ட்டுக்கு மேல் பதிலாக இன்னொன்றை அடுக்கும் செயினில்தான் இது சுவாரசியமாகும். செயின் தலைகீழாகத் தீரும், கடைசியில் போட்டது முதலில். நீங்கள் ஜார் ஆஃப் க்ரீட் திருப்புகிறீர்கள் (கவிழ்த்து வைத்துப் பிறகு திருப்பும் டிராப் வகைக் கார்டு, டெக்கிலிருந்து ஒரு கார்டு எடுக்கலாம், அவ்வளவுதான்). எதிராளி அதற்கு மேல் ரைகேகி பிரேக் (ஒரு கார்டைக் குறிவைத்து அழிக்கும் டிராப்) போட்டு உங்கள் பீட்டனைக் குறிவைக்கிறார். தீரும்போது முதலில் பீட்டன் அழிகிறது, அப்புறம் நீங்கள் கார்டு எடுக்கிறீர்கள். கடைசிச் சம்பவம் கார்டு எடுத்தது. பீட்டன் போச்சு. இதையே திருப்பிப் போடுங்கள்: எதிராளி முதலில் ரைகேகி பிரேக் போடுகிறார், நீங்கள் அதற்கு மேல் ஜாரைத் திருப்புகிறீர்கள். முதலில் கார்டு வரும், அப்புறம் பீட்டன் அழியும். கடைசிச் சம்பவம் பீட்டன் அழிந்தது. அடுத்த பீட்டன் வரும். இரண்டு ஆட்டத்திலும் அதே இரண்டு கார்டுதான், அடுக்கிய வரிசை மட்டும் வேறு.

பழைய_டெக்:
இதைத்தான் நான் பிழை என்கிறேன், நீங்கள் சுவாரசியம் என்கிறீர்கள்! பீட்டன் இரண்டு தடவையும் ஒரே மாதிரி செத்தது. கொன்ற கார்டும் ஒன்று. ஆனால் நான் ஒரு கார்டு முன்னால் எடுத்தேனா பின்னால் எடுத்தேனா என்பதை வைத்து அதன் கடைசி ஆசை நிறைவேறும் அல்லது நிறைவேறாது. பத்து வயதுப் பையனுக்கு இதை எப்படி விளக்குவீர்கள்? கார்டில் ஒரு எழுத்து இதைப் பற்றி இல்லை. ஆட்டம் வாங்குகிறவன் கார்டைத்தான் வாங்குகிறான், விதி விளக்கத்தை அல்ல.

இன்னொன்று. இந்த விதி அவ்வளவு உசத்தி என்றால் இப்போது வரும் புதுக் கார்டுகளில் ஏன் பெரும்பாலும் "இஃப்" போடுகிறார்கள்? கம்பெனிக்கே கசந்துவிட்டது, நீங்கள் மட்டும் இன்னும் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்.

ஹேண்ட்_ட்ராப்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கிரேவ்யார்டுக்குப் போனால், சம்மன் ஆனால் என்று வருகிற எஃபெக்ட்களில் "இஃப்" அதிகமாகிவிட்டது, அது உண்மை. ஆனால் "வென்" ஒழிந்துவிடவில்லை. ஆஷ் ப்ளாஸம் கார்டைப் பாருங்கள். எதிராளி டெக்கிலிருந்து கார்டு எடுக்கிற மாதிரி எஃபெக்ட் போடும்போது, ஆஷைக் கையிலிருந்து தள்ளி அதை முறிக்கலாம். அங்கே இருப்பது "வென்"தான், "யூ கேன்"தான். அந்த எஃபெக்ட்டுக்கு நேர் மேலேதான் ஆஷைப் போட முடியும். நடுவில் இன்னொரு லிங்க், அதாவது செயினில் இன்னொரு எஃபெக்ட், வந்து உட்கார்ந்துவிட்டால் கீழே இருப்பதை ஆஷ் தொட முடியாது.

அதனால்தான் ஒரே நேரத்தில் இரண்டு ட்ரிகர் (ஏதாவது நடந்தால் தூண்டப்படும் எஃபெக்ட்) கிடைத்தால் நாங்கள் டெக்கில் கார்டு தேடும் எஃபெக்ட்டை லிங்க் 1-இல் வைத்து, மற்றதை அதற்கு மேல் மூடிபோல வைப்போம். உள்ளே இருப்பது பத்திரம். செயின் பிளாக் என்று சொல்கிற வித்தை இதுதான்.

பீட்டனும் ஆஷும் வேறு வேறு வகை எஃபெக்ட், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "வென், யூ கேன்" என்றால் இப்போதே, இந்தக் கணத்துக்குப் பதிலாக மட்டும் என்ற பொருள் இரண்டிலும் ஒன்றுதான். கம்பெனி ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் வைத்துக் காப்பாற்றி வருகிறது. பழைய_டெக் அண்ணன் சொல்வதுபோல யாரும் நடுவில் சொருகவில்லை.

பழைய_டெக்:
இது கொஞ்சம் யோசிக்க வைக்கிற பதில். ஆஷை நான் அந்தக் கண்ணோடு பார்த்ததில்லை. எங்கள் ஆட்டத்தில் ஆஷ் கிடையாது.

ஆனாலும் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்றால் அதைக் கார்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவேண்டும். 2002-இல் அச்சடித்தபோது அந்த ஒழுங்கு இருந்ததா? இல்லை. சங்கனில் முதலில் "வென்" போட்டார்கள், அப்புறம் "இஃப்" ஆக்கினார்கள். ஆட்டம் மாறவில்லை, சொல் மட்டும் மாறியது. பொருள் சொல்லில் இருந்திருந்தால் இது எப்படி நடக்கும்?

செயின்லிங்க்_2:
இதில் உங்கள் பக்கம் பாதி நியாயம் இருக்கிறது. ஆரம்ப காலத்துக் கார்டுகளின் ஆங்கிலம் கண்டபடி இருந்தது. எழுதும் முறையையே 2011-இல்தான் ஒழுங்கு செய்தார்கள். முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பது எப்போது போடலாம் என்ற நிபந்தனை. அரைப்புள்ளிக்கு முன்னால் இருப்பது போடும்போதே செய்ய வேண்டியது: விலை கொடுப்பது, குறிவைப்பது. அதற்குப் பின்னால் இருப்பதுதான் எஃபெக்ட். பீட்டனின் புது அச்சில் பேனிஷ் செய்வது அரைப்புள்ளிக்கு முன்னால் வரும், அதாவது அது விலை. எதிராளி எஃபெக்ட்டை முறித்தாலும் பேனிஷ் ஆன பீட்டன் திரும்பாது. புள்ளியை வைத்தே இவ்வளவும் படிக்கலாம் என்ற நிலைமை அதற்கு அப்புறம்தான் வந்தது.

ஆனால் ஆங்கில அச்சு குழப்பமாக இருந்தது என்பதற்காக விதியே இல்லை என்று ஆகிவிடாது. உங்கள் வீட்டில் உங்கள் விதிப்படி ஆடுங்கள், யாரும் வந்து தடுக்கப்போவதில்லை. போட்டியில் உட்கார்ந்தால் நடுவர் பீட்டனை வரவிட மாட்டார்.

கடைசிபெஞ்ச்:
2022-இல் வந்த மாஸ்டர் டூயல் என்ற யூ-கி-ஓ வீடியோ கேமை ஆடிப் பார்க்கச் சொல்லுங்கள் கோமாளியை. அங்கே கையைப் பிடிக்க அத்தை பையன் தேவையில்லை, டைமிங் போயிருந்தால் போடலாமா என்ற கேள்வியே திரையில் வராது. அதில் ஒரு கெடுதலும் உண்டு: விதியை அதுவே பார்த்துக்கொள்ளும், நாம் யோசிக்க வேண்டியதில்லை. அங்கே ஆடிப் பழகியவர்கள் எதிரே ஆள் உட்கார்ந்து கார்டு போடும்போது தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். காரணம் தெரியாமல் விடை மட்டும் தெரிந்திருக்கும்.

பழைய_டெக்:
காரணம் கேட்கிறவனுக்கு இரண்டு பக்கம் எழுத வேண்டியிருக்கிறது, அதைத்தானே நானும் சொல்கிறேன்.

கோமாளிக்கூட்டம்:
நேற்று மறுபடியும் ஆடினோம். ட்ரிப்யூட் கொடுக்கவில்லை, அந்தத் தப்பைத் திரும்பச் செய்வேனா. பீட்டன் டிஃபென்ஸில் நிற்கிறது. என் முறையில் சும்மா இருக்கிறதே என்று ஜார் ஆஃப் க்ரீட்டைத் திருப்பினேன். அவன் உடனே மேலே ரைகேகி பிரேக் போட்டான். பீட்டன் செத்தது, நான் ஒரு கார்டு எடுத்தேன். டெக் பக்கம் போன கையை நானே இழுத்துக்கொண்டேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டுமென்றே என் ஜாருக்காகக் காத்திருந்தானா என்று கேட்டேன், பதிலே இல்லை, சிரிப்பு மட்டும்தான்.

செயின்லிங்க்_2:
காத்திருந்திருப்பான். ஜாரை இனிமேல் நீங்களாகத் திருப்பாதீர்கள். பீட்டன் மேல் அவன் கை வைத்ததும் திருப்புங்கள்.

பழைய_டெக்:
அல்லது என் வீட்டுக்கு வாருங்கள் தம்பி. எப்போது செத்தாலும் அடுத்த கோமாளி வருவான்.